வண்டியை விற்றோம், பெயரை எடுத்தோமா?



2025 ஐப்பசியில், பதினோரு ஆண்டுகள் ஓட்டிய என் டிசையர் காரை விற்றேன். வாங்கியவர் நம் சங்க உறுப்பினர். பக்கத்து ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். பல ஆண்டுகளாக என்னிடம் பருப்பும் வத்தலும் எடுப்பவர். வண்டியைச் சுற்றிப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார், விலை படிந்தது. முன்பணத்தைக் கொடுத்துவிட்டு, "சாவியைக் கொடுங்க அண்ணாச்சி, பேர் மாத்துறதை நான் மெதுவாப் பாத்துக்கிறேன்" என்றார்.

"அது மட்டும் ஆகாது தம்பி. திங்கட்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்து ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போவோம். விண்ணப்பம் கொடுத்த பிறகு அங்கேயே சாவியை வாங்கிக்குங்க" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "மாசம் ரெண்டு லட்ச ரூபாய்க்குச் சரக்கைக் கடனா அனுப்புறீங்க. அதுக்கு வராத சந்தேகம் இந்த வண்டிக்கு வருதா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். அவருக்கு அன்று சொன்ன பதிலை நம் உறுப்பினர்கள் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடப் படிப்போடு நிறுத்தி, பதினாறு வயதில் கல்லாப்பெட்டிக்கு வந்தவன். சட்டம் படித்தவன் அல்ல. பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நம் வியாபாரத்தில் ஒரு மூட்டை துவரம் பருப்பு வந்து இறங்கினால், எடை போட்டு, மாதிரி எடுத்துக் கையில் தேய்த்துப் பார்த்து, பில்லைச் சரிபார்த்த பிறகுதான் கிட்டங்கிக்குள் விடுகிறோம். ஐம்பது கிராம் குறைந்தால் போன் போடுகிறோம். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது நமக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம். அப்படிப்பட்ட நாம், லட்சக்கணக்கில் விலை போகும் வண்டியை விற்கும்போது மட்டும் மாட்டுச் சந்தை வழக்கத்துக்குப் போய்விடுகிறோம். சந்தையில் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பணம் கைக்கு வந்து, கயிறு கை மாறிவிட்டால் மாடும் கை மாறியது என்று பொருள். அதன் பிறகு அந்த மாடு யார் தோட்டத்தில் மேய்ந்தாலும் விற்றவனுக்குச் சம்பந்தம் இல்லை.

வண்டிக்கு அந்தக் கணக்குச் செல்லாது. வண்டியின் கயிறு சாவி அல்ல, ஆர்.சி. புத்தகம். அதில் நம் பெயர் இருக்கும்வரை கயிறு நம் கையில்தான் இருக்கிறது. இதை நான் கற்றுக்கொள்ளக் கொடுத்த விலை 5 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்.

2009இல் என்னிடம் ஒரு மாருதி ஆம்னி இருந்தது. நம்மில் பலர் அந்த வண்டியால் பிழைத்தவர்கள். பின் இருக்கையை மடக்கினால் எண்ணெய் டின் ஏற்றலாம், நிமிர்த்தினால் குடும்பத்தோடு குலதெய்வம் கோவிலுக்குப் போகலாம். குறை சொல்ல முடியாத வண்டி. அந்த ஆண்டு என் மகளுக்குச் சம்பந்தம் கூடி வந்தது. நிச்சயத்துக்கு நாள் குறித்தபோது வீட்டில் ஒருவர், "சம்பந்தி வீட்டுக்கு இந்தச் சரக்கு வண்டியிலா போறது?" என்றார். எனக்கும் சுருக்கென்றது. பத்தே நாளில் வேறு கார் வாங்க வேண்டும், அதற்குள் ஆம்னியைத் தள்ள வேண்டும் என்ற அவசரம் வந்தது.

பழைய வண்டி வாங்கி விற்கும் கன்சல்டிங் காரர் ஒருவர் கடைக்கே வந்தார். 92 ஆயிரம் என்று முடிந்தது. படிவம் 29, படிவம் 30 இரண்டையும் நீட்டினார். வாங்குபவர் பெயர், முகவரி, தேதி எல்லாம் காலியாக இருந்தன. "பார்ட்டி வந்ததும் நிரப்பிக்குவோம், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார். போட்டேன். ரசீது கேட்கவில்லை. அவருடைய முகவரிச் சான்றின் நகல் வாங்கவில்லை. வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போடுவாயா என்று யாராவது கேட்டிருந்தால் அடிக்கப் போயிருப்பேன். அன்று செய்தது அதைவிட மோசமான காரியம்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2012இல் கடைக்கு ஒரு சம்மன் வந்தது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து வந்திருந்தது. அருப்புக்கோட்டை சாலையில் இருசக்கர வாகனத்தில் போன ஒருவரை ஓர் ஆம்னி மோதியிருக்கிறது, அவர் இறந்துவிட்டார். வண்டி எண் என்னுடையது. வண்டியின் உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர், என் தகப்பனார் பெயர், என் கடை முகவரி.

விசாரித்ததில் ஆம்னி மூன்று கை மாறியிருந்தது. மூவரில் ஒருவரும் பெயர் மாற்றவில்லை. இன்சூரன்ஸ் காலாவதியாகிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. ஓட்டியவரிடம் சொத்து என்று சொல்ல ஒன்றுமில்லை. கன்சல்டிங் காரர் கடையைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார். இன்சூரன்ஸ் இருந்திருந்தால் கம்பெனி கொடுத்திருக்கும். அது இல்லாதபோது உரிமையாளர்தான் கொடுக்க வேண்டும். உரிமையாளர் யார் என்றால் ஆர்.சி. புத்தகத்தில் இருப்பவர். மூன்று ஆண்டு வழக்கு நடந்தது. வட்டியோடு சேர்த்து நான் கட்டிய தொகையைத்தான் மேலே சொன்னேன். வத்தல் சீசனுக்குச் சரக்கு எடுக்க ஒதுக்கி வைத்திருந்த பணம் அது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நான் ஓட்டவில்லை, என் ஆள் ஓட்டவில்லை, வண்டியைக் கண்ணால் பார்த்தே மூன்று வருடம் ஆயிற்று. எனக்கு ஏன் இந்தத் தண்டனை என்று வக்கீலிடம் கத்தினேன். ஒரு வாய்தாவின்போது இறந்தவரின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் நீதிமன்றத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய பையனுக்குப் பத்து வயது இருக்கும். அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. நான் யார் என்றுகூட அவருக்குத் தெரியாது. அன்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். இந்த அம்மாள் யாரைப் பிடிப்பது? நான் அவரிடம் விற்றேன், அவர் இவரிடம் விற்றார், இவர் எவரிடமோ விற்றார் என்று ஆளாளுக்குக் கை காட்டினால், பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் ஊர் ஊராகத் தேடி அலைய முடியுமா? அதற்காகத்தான் சட்டம் ஒரே ஒரு பெயரைப் பார்க்கிறது. அந்தப் பெயரை எடுக்கும் வழி என்னிடம் இருந்தது. நான்தான் எடுக்கவில்லை.

பின்னால் 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே தீர்ப்பாகச் சொன்னது. பதிவு மாறாதவரை, பல கை மாறிய வண்டியாக இருந்தாலும், பதிவில் இருப்பவரே உரிமையாளர். அடுத்தடுத்து வாங்கியவர்களைத் தேடும் சுமையைப் பாதிக்கப்பட்டவர் தலையில் வைக்க முடியாது என்பதே அதன் காரணம். தாழ்வாரத்தில் அந்த அம்மாளைப் பார்த்த எனக்கு அந்தத் தீர்ப்பில் தப்புச் சொல்ல மனம் வரவில்லை.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. நான் ஏமாந்ததற்கு மூலகாரணம் கன்சல்டிங் காரர் அல்ல. 'சரக்கு வண்டியிலா போவது' என்ற ஒரு சொல். அந்த அவசரம் இல்லாவிட்டால் ஒரு மாதம் பொறுத்து, விசாரித்து, ஒழுங்காக விற்றிருப்பேன்.

நாம் ஓட்டும் வண்டியைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். என் தகப்பனார் காலத்தில் பஜாரில் கார் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அம்பாசடர், பியட், சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று மூன்றே ஜாதி. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். புது வண்டியின் விலையைவிட, கைக்கு வந்த வண்டியை வாங்க அதிகம் கொடுத்த காலம் அது. 1998க்குப் பிறகு சான்ட்ரோ, இண்டிகா என்று கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. 2005இல் வந்த டாடா ஏஸ், நாம் 'குட்டி யானை' என்று செல்லமாகக் கூப்பிடும் வண்டி, நம் சரக்குப் போக்குவரத்தையே மாற்றிவிட்டது. 2014இல் மாருதி 800, அம்பாசடர் இரண்டின் உற்பத்தியும் நின்றது. 2019இல் ஆம்னியும் நின்றது. இன்று வங்கிக்காரரே கடைக்கு வந்து கடன் தருகிறார். பத்துப் பதினைந்து லட்ச ரூபாய் வண்டி ஒரு கையெழுத்தில் வாசலுக்கு வந்துவிடுகிறது.

வண்டி வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. உழைக்கிறோம், வசதியாகப் போகிறோம். ஆனால் மொத்த வியாபாரி என்ற முறையில் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஒரு சில்லறை வியாபாரி பெரிய வண்டியில் வந்து இறங்கினால் எங்களுக்கு அவர்மேல் மதிப்பு கூடுவதில்லை. அதே ஆள் அந்த மாதம், "இந்தத் தடவை பதினைந்து நாள் சேர்த்துக் கொடுங்க" என்று கேட்டால் உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடும். எங்கள் சரக்குப் பணம் அவருடைய வண்டித் தவணையாகப் போகிறதோ என்ற கணக்கு அது. மறுபக்கம், இருபது வருடப் பழைய ஸ்கூட்டரில் வந்து, சொன்ன தேதியில் பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போகிறவருக்கு, கேட்காமலே பத்து மூட்டை கூடுதலாக அனுப்புகிறோம். பஜாரில் வியாபாரியின் பெயர் தவணை தவறாமல் கொடுப்பதில் இருக்கிறது; வண்டியின் முகப்பில் இல்லை. ஆகவே பழைய வண்டியை விற்பதானால் தேவைக்கு விற்போம்; வெட்கத்துக்கு விற்க வேண்டாம்.

விற்பது என்று முடிவு செய்துவிட்டால், என் அனுபவத்தில் கவனிக்க வேண்டியவை இவை:

1. காலிப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயர், முகவரி, தேதி நிரப்பிய பிறகே கையெழுத்து. ஒரே மாநிலத்துக்குள் என்றால், விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இரண்டு பேருக்கும் கடமை உண்டு என்பதை மறக்கக் கூடாது. வெளி மாநிலத்துக்கு என்றால் தடையில்லாச் சான்று வேண்டும்.

2. கன்சல்டிங் மூலம் விற்றால், அவர் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற்றவரா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் இதற்கு விதி இருக்கிறது. அங்கீகாரம் பெற்றவரிடம் வண்டியை ஒப்படைத்து, அதை முறைப்படி இணையத்தில் தெரிவித்துவிட்டால், அது முதல் பொறுப்பு அவருடையது. என் காலத்தில் இந்த வசதி இல்லை. இன்று இருப்பதைப் பயன்படுத்தாமல் விடுவது நம் தப்பு.

3. வண்டியை ஒப்படைக்கும்போது நாள், மணி, கிலோமீட்டர் எல்லாம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்திட்ட ரசீது வேண்டும். கூடவே வாங்குபவரின் அடையாளச் சான்று நகலும் வேண்டும். இது பெயர் மாற்றத்துக்கு ஈடாகாது. ஆனால் ஏதாவது நடந்தால் யாரிடம் கேட்பது என்பதாவது தெரியும். என்னிடம் அதுகூட இல்லை.

4. வண்டிமேல் கடன் இருந்தால், "மீதித் தவணையை நீங்க கட்டிக்குங்க" என்று வாய்ப்பேச்சில் கொடுக்காதீர்கள். கடன் உங்கள் பெயரில்தான் இருக்கும். அவர் கட்டத் தவறினால் உங்கள் கடை ஓவர் டிராப்ட் புதுப்பிக்கும்போது வங்கி மேலாளர் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார். கடனை அடைத்து, படிவம் 35 வாங்கி, ஆர்.சி.யில் அடமானக் குறிப்பை நீக்கிய பிறகு விற்பதே முறை.

5. இன்சூரன்ஸையும் வாங்குபவர் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். அதற்கு அவருக்கு 14 நாள் அவகாசம் உண்டு. மாற்றாவிட்டால் அவருடைய வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு நஷ்டஈடு கிடைக்காது. ஆனால் உரிமை கோராததற்கான 'நோ கிளெய்ம் போனஸ்' வண்டிக்கு உரியது அல்ல, உங்களுக்கு உரியது. அதற்கான சான்றை வாங்கிவைத்தால் அடுத்து வாங்கும் வண்டியின் பிரீமியத்தில் சொந்தச் சேதப் பகுதியில் 50 சதவீதம் வரை குறையும். நம்மில் பலர் இதைத் தெரியாமலே விட்டுவிடுகிறோம்.

6. வண்டி கொடுத்த அன்றே பாஸ்டேக் கணக்கை மூடுங்கள். இல்லாவிட்டால் அவர் மதுரைக்குப் போகும் டோல் உங்கள் கணக்கில் கழியும். அதுவரை உள்ள போக்குவரத்து அபராதங்களையும் பார்த்துக் கட்டிவிடுங்கள்.

7. வண்டி கடை பேரில் இருந்து, கணக்கில் தேய்மானம் எழுதியிருந்தால், ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். 8 லட்சத்துக்கு வாங்கிய கார், ஆண்டுக்கு 15 சதவீதத் தேய்மானம் போக ஆறு ஆண்டில் ஏறக்குறைய 3 லட்சத்து 2 ஆயிரத்தில் நிற்கும். அதை மூன்றரை லட்சத்துக்கு விற்றால் வித்தியாசம் சுமார் 48 ஆயிரம். அந்த வித்தியாசத்துக்கு மட்டும் 18 சதவீதம், அதாவது 8,700 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக வரி வரும். புத்தக மதிப்புக்குக் கீழே விற்றால் வரி இல்லை. சிறிய கார்களுக்கும் 18 சதவீதம் என்பது 2025 ஜனவரியில் வந்தது. சொந்தப் பெயரில் உள்ள சொந்த உபயோகக் காரை விற்பவருக்கு இது கிடையாது. கணக்காளரிடம் கேட்டுக்கொண்டு விற்பது நல்லது.

8. விலை 2 லட்சமோ அதற்கு மேலோ என்றால் ரொக்கமாக வாங்கவே வாங்காதீர்கள். 2017 முதல் அது தடை. வாங்கியவருக்கு, வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். வங்கி மூலம் வாங்கினால் அதுவே சாட்சியும் ஆகும்.

கடைசியாக, நேர்மை. என் காரை விற்கும்போது, முன்பக்கம் ஒருமுறை அடிபட்டுப் பம்பர் மாற்றியதையும், ஏ.சி. போட்டால் சத்தம் வருவதையும் நானே சொன்னேன். பக்கத்துக் கடைக்காரர், "ஏன் அண்ணாச்சி நீங்களே விலையைக் குறைச்சுக்கிறீங்க?" என்றார். புதிய சிறு கார்களுக்கு ஜி.எஸ்.டி. குறைந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஏற்கெனவே எல்லோரும் குறைத்துத்தான் கேட்டார்கள். சொன்னதால் இன்னும் 15 ஆயிரம் போயிருக்கும். போகட்டும். மேல் மாதிரி ஒன்றும் மூட்டைக்குள் ஒன்றுமாகச் சரக்கு அனுப்பினால் அந்தக் கடைக்காரர் அடுத்த முறை வரமாட்டார் என்று நமக்குத் தெரியும். டிங்கரிங் பார்த்து, பெயிண்ட் அடித்து மறைப்பதும், கிலோமீட்டர் மீட்டரைத் திருப்பி வைப்பதும் எடைக்கல்லைத் தேய்ப்பதற்குச் சமம். எடைக்கல்லைத் தேய்க்காத நாம் இதையும் செய்யக் கூடாது.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் உறுப்பினர்களிடம் இன்னும் பழைய ஆம்னியும் குட்டி யானையும் பைக்குகளுமாக, விற்றும் பெயர் மாறாத வண்டிகள் பல இருக்கும். சங்க அலுவலகத்தில் மாதம் ஒருநாள், இணையத்தில் வண்டி எண்ணைப் போட்டு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லவும், படிவங்களை நிரப்பித் தரவும் ஒரு பையனை உட்கார வைக்கலாம். பெரிய செலவு இல்லை. லைசென்ஸ் புதுப்பிக்க நினைவூட்டுவது போல, விற்ற வண்டியையும் நினைவூட்ட வேண்டும். உறுப்பினர்களும் அதுவரை காத்திராமல், இதுவரை விற்ற வண்டிகளின் எண்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எத்தனைக்குப் பெயர் மாறியது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறதா?

அந்தத் திங்கட்கிழமை நாங்கள் இருவரும் போனோம். வரிசையில் நின்றபோது இந்த ஆம்னி கதையைத் தம்பியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "எங்க அப்பா போன வருஷம் ஒரு பழைய வண்டியை வித்தாரு. அது யார் பேர்ல இருக்குன்னு தெரியலையே அண்ணாச்சி" என்றார். சாவியை வாங்கிக்கொண்டு அவர் நேராகக் கடைக்குப் போகவில்லை. தகப்பனாருக்குப் போன் போட்டு அந்த வண்டியின் எண்ணைக் கேட்டுக்கொண்டு, மறுபடியும் அதே அலுவலகத்துக்குள் போனார்.